அம்மம்மாவுக்குப் பாட்டு வராதா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. அம்மம்மா இலங்கையில், வன்னியில் உள்ள முள்ளியவளைப் பக்கம். இப்போது உங்களோடு டொரன்டோவில் இருக்கிறார். வீட்டில் ஒரு பிறந்தநாளுக்கு எல்லோரும் கரோக்கி பாடியபோது அவரையும் பாடச் சொல்லியிருக்கிறீர்கள். "எனக்குப் பாட்டே வராது பிள்ளை" என்று கையை விரித்துவிட்டார். இரண்டு கிழமை கழித்துச் சொந்தக்காரர் ஒருவரின் செத்தவீட்டில் அதே அம்மம்மா அரை மணித்தியாலம், ஒரு சொல் பிசகாமல், ஒப்பாரி சொல்லியிருக்கிறார். "அப்படியென்றால் அது பாட்டு இல்லையா? வன்னியில் பாடுவது என்றால் என்னதான்?" என்பது நீங்கள் எழுதியது. அம்மம்மா கூச்சத்தில் பொய் சொன்னாரா என்பதுதான் நீங்கள் கேட்காமல் கேட்டது என்று நினைக்கிறேன். பொய் சொல்லவில்லை. அவர் தனக்குத் தெரிந்த தமிழில் உண்மையைத்தான் சொன்னார்.

நான் சங்கீத ரீச்சர். மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்துவிட்டு, எண்பதுகளின் கடைசியில் வன்னிக்கு நியமனம் கிடைத்து, இரண்டு வருடத்தில் இடமாற்றம் எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று வந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே நின்றுவிட்டவள். ஒட்டுசுட்டான், முள்ளியவளை, கிளிநொச்சி என்று வயலும் குளமும் உள்ள ஊர்கள்தான் எனக்குப் பழக்கம். கடற்கரைப் பக்கமும் மன்னார்ப் பக்கமும் விருந்தாளியாகப் போய்ப் பார்த்ததோடு சரி. அவற்றைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது ஒரு பிழை விட்டதால். சமாதான காலம், 2003 அளவில். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் நன்றாக ஒப்பாரி சொல்லும் ஆச்சி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கசற் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு போனேன். தேத்தண்ணி தந்தார், கதைத்தார், எல்லாம் சரி. ஒப்பாரி என்றதும் எழும்பிவிட்டார். "வீட்டுக்க வைச்சுச் சொல்லக்கூடாது ரீச்சர். குளக்கட்டுக்கு வாங்கோ." சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி எடுத்தால் சாவைக் கூப்பிட்டதாகிவிடும். சரி என்று குளக்கட்டில் ஒரு மருத மரத்தடியில் இருந்தோம். "ஆரை நினைச்சுச் சொல்ல?" என்று கேட்டார். நான் முழித்தேன். யாரையும் நினைக்காமல் சும்மா சொல்லிக்காட்டுவார் என்றல்லவா வந்திருந்தேன். அவரே கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செத்துப்போன தமையனை எடுத்தார். அந்தக் கசற்றில் நடுவில் ஒரு லாண்ட்மாஸ்டர் கட்டால் போகிற சத்தம் இருக்கும், அவர் நிறுத்தவேயில்லை. முடிந்ததும், நான் படித்த படிப்பு என்னை விட்டதா, "ஆச்சி, நல்லாப் பாடினீங்கள்" என்றேன். முகம் மாறிவிட்டது. "நான் எங்க பிள்ளை பாடினனான்? அழுதனான்."

அன்றைக்குப் பிறகுதான் ஊரில் எந்தச் சத்தத்துக்கு எந்த வினைச்சொல் என்று கவனிக்கத் தொடங்கினேன். ஒப்பாரியைச் சொல்வார்கள், சொல்லி அழுவார்கள், குரல் எடுப்பார்கள், பாடுவது கிடையாது. கூத்தை ஆடுவார்கள், அதில் தொண்ணூறு வீதம் பாட்டாக இருந்தாலும். புராணத்தைப் படிப்பார்கள். தேவாரம், திருவாசகம் மட்டும்தான் பாடவும் படிக்கவும் படும். சினிமாப் பாட்டைப் போடுவார்கள், அதாவது ஒலிபெருக்கியில். ஒரு பிள்ளையைத் தனியாகப் பாடச் சொன்னால்கூட "ஒரு பாட்டுப் படி" என்பதுதான் வழக்கம். ஏட்டைக் கையில் வைத்து இராகத்தோடு படித்த பழக்கத்தில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். வழக்கு உண்டு என்பது உறுதி, காரணம் ஊகம்தான். இந்தப் பட்டியலில் 'பாட்டு' என்று தனியாக நிற்பது எது என்று பார்த்தால், படித்துத் தேறியவர் ஊர் கேட்க எடுப்பது. மேடை, சுருதிப்பெட்டி, சங்கீத சபைச் சோதனை, தமிழ்த்தினப் போட்டி. இப்போது உங்கள் கரோக்கி மைக்கும் அதில் சேர்த்தி. அது எனக்கு வராது என்றுதான் அம்மம்மா சொன்னார்.

ஒப்பாரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், நீங்கள் பார்த்தது அதைத்தானே. வெளியில் இருந்து பார்த்தால் அழுகை. காது கொடுத்தால் எதுகையும் உவமையுமாகப் போகும். நான் இரண்டு வரி கட்டிக் காட்டுகிறேன், இது ஆச்சி சொன்னதல்ல, அந்தப் போக்கில் நானே கட்டியது: "வெள்ளம் வந்து அள்ளினாலும் மறுபோகம் விளையுமெண்டாய், என்ர ராசா, கொள்ளி வைச்ச சாம்பலில எந்தப் போகம் விளையுமையா." முதல் வரியில் வயல், இரண்டாவதில் ஆள். அடுத்த வரிக்கு மூச்செடுக்கும் இடத்தில் பக்கத்தில் கட்டிப்பிடித்திருக்கிற பெண் ஒரு 'ஐயோ'வில் அந்த இடைவெளியை நிரப்புவார். புதிதாக ஒருவர் படலைக்குள் வந்தால் ஓய்ந்திருந்தது திரும்பவும் தொடங்கும். வந்தவரின் முறை சொல்லி, அவருக்கும் செத்தவருக்கும் இருந்த தொடுப்பைச் சொல்லி. அங்கேதான் விஷயம் இருக்கிறது. காணிப் பங்கில் நடந்த அநியாயம், மருமகள் பார்க்காமல் விட்டது, வெளிநாட்டுப் பிள்ளை காசு மட்டும் அனுப்பியது, எல்லாம் அந்த வரிகளுக்குள் வந்துவிடும். சாதாரண நாளில் வாய் திறக்காத பெண் பிணத்தைச் சாட்சி வைத்துச் சொல்கிறாள். எதிர்த்துக் கதைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை, அழுகிறவளோடு யார் வாதாடுவது? அந்த டொரன்டோச் செத்தவீட்டில் அம்மம்மா என்னென்ன சொன்னார் என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். உங்கள் குடும்பத்தின் பாதி வரலாறு அதில் இருந்திருக்கும்.

அதே முற்றத்தில் அதே நேரம் ஆண்கள் பக்கத்தில் வேறொன்று நடந்துகொண்டிருக்கும். சைவச் செத்தவீடுகளில் உரலில் சுண்ணம் இடித்துக்கொண்டு திருவாசகத்தில் உள்ள திருப்பொற்சுண்ணத்தைப் பாடுவார்கள். இருபது பாட்டு. மாணிக்கவாசகர் அதைச் சாவுக்காகப் பாடவில்லை. பெண்கள் கூடி இறைவனை நீராட்டப் பொடி இடிக்கிற மங்களமான பாட்டு அது. எங்கள் ஊரில் உரலும் பொடியும் அதைச் செத்தவீட்டுக்குக் கொண்டுவந்து, இப்போது வேறு இடத்தில் கேட்டாலே சனத்துக்கு ஒரு மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் ஒருமுறை அதன் பண்ணைச் சொல்லிக்கொடுக்க வெளிக்கிட்டு, பெற்றோர் ஒருவர் வந்து "பிள்ளைக்கு ஏன் ரீச்சர் இதைப் பழக்கிறீங்கள்" என்று கேட்டார். பாட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஒப்பாரியில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்திருக்கிறது. காட்டு யானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தை என்ற பெண்ணின் கதை வன்னியில் ஒப்பாரியாகவே வழங்கி வந்தது. அவள் கணவனின் பெயரில் வேலப்பணிக்கன் ஒப்பாரி என்பார்கள். வீரக்கதையை அழுது சொல்லியிருக்கிறார்கள். கதை நடந்தது எப்போது, எந்த ஊர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், அதில் நான் தலையிடவில்லை. ஒரு பெண்ணின் பெருமையை ஊரில் நிறுத்தி வைக்க ஒப்பாரி தோதாக இருந்திருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

படிப்பது வேறு உலகம். கோயிலில் ஒருவர் புராணச் செய்யுளை இராகத்தோடு படிக்க, இன்னொருவர் பயன் சொல்வார், அதாவது பொருள் விளக்குவார். மார்கழியில் திருவெம்பாவைக் காலம் பத்து நாளும் இருட்டோடு சங்கும் சேமக்கலமுமாகப் பெடியன்கள் ஒழுங்கையால் பாடிக்கொண்டு போவார்கள். குரல் நல்லதோ கெட்டதோ யாரும் பார்ப்பதில்லை, வீட்டு வாசலில் விளக்கு எரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். கடல்நீரில் விளக்கெரித்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்திருந்து அம்மனிடம் கொண்டுபோவது உங்கள் அம்மம்மாவின் சொந்த ஊர்ச் சங்கதி, என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கோவலன் கூத்தும் அந்த மண்ணோடு ஒட்டியதுதான்.

கூத்தில் எனக்குப் பிடித்தது காத்தவராயன். சிந்துநடையில், விடிய விடிய. அதை ஆடுபவர்களில் பலர் நேர்த்திக்காக ஆடுகிறவர்கள். பிள்ளைக்கு வருத்தம் மாறினால் ஆடுகிறேன் என்று அம்மனிடம் சொன்னவர்கள். கடைசியில் கழுமரம் ஏறுகிற காத்தவராயன் விரதம் பிடித்துத்தான் ஏறுவார். சங்கீதக் காதோடு போய் இருந்து, முதல் வருடம் சுருதி விலகல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மெக்கானிக், பகல் முழுக்க கிறீஸோடு நின்ற கை, மூன்று மணிக்குத் தொண்டை கட்டிப்போய் ஒரு வரியை விட்டுவிட்டார். பக்கத்தில் நின்று வரியைத் திருப்பிப் பாடுகிற பிற்பாட்டுக்காரர் எடுப்பதற்கு முன்னமே பாயில் இருந்த சனம் அந்த வரியை எடுத்துவிட்டது. என் மாணவர்கள் மேடையில் வரி மறந்தால் மண்டபம் மௌனமாக இருக்கும், அல்லது சிரிக்கும். அந்த இரவுக்குப் பிறகு நான் சுருதி எண்ணுவதை விட்டுவிட்டேன். பிற்பாட்டு என்ற சொல்லை ஆமாம் சாமி போடுகிறவர்களுக்கு ஏளனமாகச் சொல்வதும் பிறகு எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

வேலைப் பாட்டுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலும் மிச்சம் இல்லை. வன்னியில் வீச்சு விதைப்புத்தான் பெரும்பான்மை. அதனால் சினிமாவில் காட்டுகிற நாற்று நடுகைப் பாட்டை இங்கே தேடாதீர்கள். அருவி வெட்டில், அதாவது அறுவடையில், ஒருவர் எடுக்க மற்றவர்கள் வாங்குவார்கள். சூடு மிதிக்கையில் மாட்டைச் சுற்றவிட்டு 'பொலி பொலி' என்று குரல் வைப்பார்கள். இரவில் பரணில் இருந்து காவல்காரர் பாடியது பன்றிக்கும் யானைக்கும் கேட்க. தன் பயத்துக்கும் சேர்த்து என்று ஒரு கிழவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கடலில் கரைவலை இழுக்கிறபோது அம்பாப் பாட்டு. முல்லைத்தீவில் ஒருநாள் கேட்டுக்கொண்டு நின்றேன். நான் கிட்டப் போனதும் வரிகள் சட்டென்று மாறி முருகனில் வந்து நின்றன. அதுவரை வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் வீட்டு விஷயம் ஏதோ போய்க்கொண்டிருந்தது. இப்போது வெட்டவும் அடிக்கவும் மெசின், வலைக்கு உழவு இயந்திரத்தில் விஞ்ச். மெசினோடு சேர்ந்து யாரும் பாடுவதில்லை.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் வன்னி என்றால் விட முடியாத ஒன்று. தொண்ணூறுகளில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றரி தடைப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வயர் கொழுவி ரேடியோ கேட்டோம். சுற்றுகிற வேகம் குறைந்தால் பாடகரின் குரல் தேய்ந்துபோகும். "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவோம். அதில் கேட்டவற்றில் பாதி விடுதலைப் புலிகளின் இயக்கப் பாட்டுகள். அந்த நாட்களில் வன்னியில் அதிகம் கேட்ட குரல்களில் ஒன்று 2017இல் காலமான எஸ். ஜி. சாந்தனுடையது. அதே குரல் கோயில்களுக்கும் பக்திப் பாட்டுப் பாடியது. திருவிழாவில் ஒரு ஒலிபெருக்கிக் குழாயில் அம்மன் பாட்டு, சந்தியில் இன்னொரு குழாயில் போர்க்களப் பாட்டு, ஆள் ஒருவர். பாட்டு எழுதியவர்களில் முக்கியமானவர் புதுவை இரத்தினதுரை. 2009 மேக்குப் பிறகு அவர் காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஒருவர். இந்தப் பாட்டுகளைப் பற்றி இரண்டு விதமாகத்தான் கதைக்கிறார்கள்: ஒன்று கும்பிடுவது, மற்றது காறித் துப்புவது. என்னால் இரண்டும் முடியவில்லை. அவை எங்களைத் தாங்கின என்பதும் உண்மை. என் வகுப்பில் தாளம் போட்டுக்கொண்டு அவற்றைப் படித்த பிள்ளைகளில் சிலர் பிறகு வகுப்புக்கு வரவேயில்லை என்பதும் உண்மை. அதே மெட்டை ஒரு தாய் இன்று கேட்டால், அவளுக்குப் பாட்டு கேட்பதில்லை, பிள்ளையின் முகம்தான் வரும். பேருந்தில் ஒருவர் போனில் அது ஒலித்தால் பக்கத்துச் சீற்றில் இருப்பவர் யன்னலுக்கு வெளியே பார்ப்பார், சிலர் பயத்தில், சிலர் வேறு காரணத்தில்.

தேசிய கீதம் இன்னொரு வகை. ஆனந்த சமரக்கோன் சிங்களத்தில் எழுதியதை மு. நல்லதம்பி தமிழில் தந்தார். அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பில் அந்த வரிகள் இருக்கின்றன. ஆனாலும் கொழும்பில் நடக்கும் சுதந்திர தின விழாவில் 1949க்குப் பிறகு 2016இல்தான் தமிழில் பாடினார்கள். 2020இல் அது மறுபடி நின்றது. ஒரே மெட்டு, ஒரே நாடு, மொழி மட்டும் வேறு; அதற்கே இவ்வளவு. காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நான் பார்த்தது: எழும்பி நிற்பது ஒன்று, வாயசைப்பது ஒன்று, பாடுவது ஒன்று. ஒரு வரிசையில் மூன்றும் இருக்கும். சங்கீத ரீச்சர் என்ற முறையில் "வாயைத் திறந்து பாடுங்கோ" என்று சொல்வது என் வேலை. சில வருடங்கள் அதைச் சொல்லாமல் விட்டேன்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்துக்கு இருந்தார்கள். பிறகு வவுனியா, முல்லைத்தீவு என்று. அந்தப் போராட்டக் கொட்டிலுக்குப் பலதரம் போயிருக்கிறேன். கமரா வந்தால் சில தாய்மார் படத்தைப் பிடித்துக்கொண்டு குரல் எடுப்பார்கள். செய்திகளில் "ஒப்பாரி வைத்துப் போராட்டம்" என்று வரும். ஆனால் அதைக் கூர்ந்து கேட்டால் செத்தவீட்டு வரிகள் வராது. "எங்கடா வைச்சிருக்கிறாங்கள் உன்னை", "சாப்பிட்டியோ" என்ற மாதிரி, உயிரோடு இருக்கிறவனைக் கேட்கிற வரிகள்தான் வரும். எல்லோரும் அப்படி என்று சொல்லமாட்டேன். நான் கேட்டவரையில் அப்படி. ஒரு அம்மாவிடம் நான் ஒப்பாரி என்ற சொல்லை வாய்தவறி எடுத்துவிட்டேன். "நான் ஏன் ரீச்சர் ஒப்பாரி சொல்லோணும்? அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது?" இரண்டாவது தடவையும் அதே மாதிரிப் பிழை விட்டேன்.

ஒரு சின்ன விஷயம், இதோடு வருவதால் சொல்கிறேன். 'பஞ்சப் பாட்டுப் பாடாதை', 'அப்பாட்ட நல்ல பாட்டு விழுந்தது' (ஏச்சு விழுந்தது) என்பவற்றில் வருவது இந்தப் பாட்டுத்தான். ஆனால் அம்மம்மா அடிக்கடி சொல்லக்கூடிய 'நான் என்ர பாட்டில இருக்கிறன்' என்பது இது அல்ல. அது பாடு என்ற சொல்லில் இருந்து வருவது, அவரவர் பாடு என்கிறோமே, அது.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. அம்மம்மாவிடம் இருப்பதைக் கேட்க விருப்பம் என்றால் மைக்கை நீட்ட வேண்டாம், ஒப்பாரியையும் வீட்டுக்குள் வைத்துக் கேட்க வேண்டாம். சொல்லமாட்டார், சொன்னாலும் இரவு நித்திரை வராது. வற்றாப்பளைப் பொங்கலில் என்ன படிப்பார்கள், யார் படித்தது என்று கேளுங்கள். காத்தவராயன் கூத்துக்குப் பாயோடு போன கதையைக் கேளுங்கள். காத்தவராயனின் காதலி ஆரியமாலா வருகிற கட்டத்தில் தானாக வரி வரும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். தாலாட்டு வேண்டும் என்றால் வீட்டில் ஒரு கைக்குழந்தை வரும்வரை பொறுத்திருந்து, பிள்ளையை அவர் மடியில் கொடுத்துவிட்டு நீங்கள் குசினிக்குப் போய்விடுங்கள். போனில் பதிகிறேன் என்று முதலே சொல்லி வையுங்கள், பிறகு அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம். முடிந்ததும் கை தட்டாதீர்கள்.